ஜெர்மன் கற்கும் குழந்தையும் நம் தமிழும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. மலர் வாசகர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



தமிழ்ப்பள்ளி விழாவில் ஜெர்மன் மொழியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் ஜெர்மன் படித்தவள் அல்ல. ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்று, ஜொகூர் தோட்டப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பவள். ஆனால், தெருவில் யாருமே பேசாத ஒரு மொழியைச் சிறு குழந்தையின் வாயில் எப்படி வரவழைப்பது என்பது மொழி கற்பிக்கும் எல்லாருக்கும் பொதுவான கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையை நான் சிங்கப்பூரில் கண்டேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

சிங்கப்பூரில் ஜெர்மன் படிக்க வழி இல்லாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டு முதல் அங்கே ஜெர்மன் பள்ளி ஒன்று இயங்கி வருகிறது. ஜெர்மனியின் கலாசார அமைப்பான கோத்தே நிலையமும் உண்டு. கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில், தகுதி பெற்ற உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் மூன்றாம் மொழியாக ஜெர்மன் எடுக்கலாம். ஆனால் தமிழ்க் குடும்பத்து நாலு வயதுப் பிள்ளைக்கு? அதற்குப் பெரும்பாலும் வீடுதான் பள்ளிக்கூடம்.

என் அக்கா குடும்பம் ஃபேரர் பார்க் பக்கம் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அத்தானுக்கு ஜெர்மனிக்கு வேலை மாற்றம் வரும் என்றானதும், மாலை வகுப்பில் கொஞ்சம் ஜெர்மன் படித்திருந்த அக்கா, நாலு வயது மகளுக்குத் தானே கற்பிக்கத் தொடங்கினாள். படக்கதைப் புத்தகங்கள் சில. அவற்றை வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவுகள் சில. பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் பதிவில் ஒரு மணி ஒலிக்கும். பிள்ளை திருப்பும். தினமும் அரை மணி நேரம்.

மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை ஒரு கதையை முழுசாகச் சொன்னாள். உச்சரிப்பு அப்படியே ஜெர்மன்காரர் மாதிரி! ஆனால் அக்கா படத்தில் இருந்த நாயைத் தொட்டு, இது என்ன என்று ஜெர்மனில் கேட்டபோது பிள்ளை விழித்தாள். கதை முழுவதும் வாயில் இருந்தது. ஒரு சொல்லும் கைக்கு வரவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 2003-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். ஒரு குழுவுக்குச் சீனர் ஒருவர் எதிரே உட்கார்ந்து புத்தகம் காட்டிப் பேசினார், விளையாடினார். இன்னொரு குழுவுக்கு அதே பேச்சைப் படக்காட்சியாகக் காட்டினார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒலி மட்டும். 12 முறை இப்படி நடந்தது. ஆள் எதிரே இருந்து பேசிய குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. மற்ற இரு குழுக்களும் அந்தத் திறனைப் பெறவில்லை. நாலு வயதுப் பிள்ளையும் 9 மாதக் குழந்தையும் ஒன்றல்லதான். ஆனாலும் பதிவு மட்டும் போதாது என்பதை எந்த ஆசிரியரும் தன் வகுப்பிலேயே காணலாம். பதிவு பேசும், பதிலுக்குக் காத்திருக்காது.

அதனால் பதிவைத் தூக்கி எறிய வேண்டுமா? கூடாது. நம் வாயில் வராத ஒலியைப் பதிவுதானே சரியாகத் தருகிறது! அக்கா முறையை மாற்றினாள். முதலில் பதிவு இல்லாமல் படங்களைக் காட்டித் தெரிந்த நாலு சொல்லில் பேசுவாள். பிறகு ஒரு பக்கம் மட்டும் கேட்க வைத்து நிறுத்துவாள். பிள்ளை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். நடித்துக் காட்ட வேண்டும். அதே கதை மறுநாளும், அதற்கு மறுநாளும். பெரியவர்களுக்கு அலுக்கும்; பிள்ளைகளுக்கு அலுக்காது. கொஞ்ச நாளில் நாயைக் கண்டால் ஜெர்மன் சொல் தானாக வந்தது.

கதை வழியே கற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று வரும். முறையே ஆண், பெண், இரண்டும் அல்லாதது. நிலா ஆண்பால், நம் அம்புலி மாமாவைப் போல. சூரியன் பெண்பால்! சிறுமி என்ற சொல்லோ ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. சிரிக்காதீர்கள். நாமும் 'குழந்தை அழுதது' என்றுதானே சொல்கிறோம்? அங்கேயும் குழந்தை என்ற சொல் அப்படித்தான். இதையெல்லாம் அட்டவணை போட்டு நாலு வயதில் கற்பிக்க முடியுமா? கதையில் நூறு தரம் சேர்த்தே கேட்டால் சேர்த்தே வாயில் வரும். 'ஆப்பிள் சாப்பிட்டேன்' என்பதைப் பேச்சு ஜெர்மனில் சொல்லும்போது, சாப்பிட்டதைக் குறிக்கும் சொல் கடைசியில்தான் வரும். தமிழ்ப் பிள்ளையின் காதுக்கு அது பழகின தடம்.

ஜெர்மானியர் இந்த வழியை நன்றாக அறிந்தவர்கள். கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளின் முதல் பாகம் 1812-இல் வெளிவந்தது. அந்நாட்டுக் கதைகளில் உள்ள இறந்தகால வடிவம் வேறு. வீட்டுப் பேச்சில் உள்ளது பெரும்பாலும் வேறு. நாம் புத்தகத்தில் 'சென்றான்' என்றும் வாயில் 'போனான்' என்றும் சொல்கிறோமே, அதுபோல. தூங்கும் முன் கதை கேட்டே அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்து மொழி பழகிவிடுகிறது. ஒலிநாடாக் காலத்தில் பிள்ளைகளுக்கான கேட்கும் நாடகங்களும் வந்தன. பென்யமீன் என்ற பேசும் யானையின் கதைகள் 1977 முதல் அங்கே வீடு வீடாக ஒலித்தன.

இனி நம் கதைக்கு வருகிறேன். அக்கா வீட்டில் எங்கள் அம்மாவும் இருக்கிறார். அவருக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் பேத்தி புத்தகத்தோடு உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அப்புறம் என்னாச்சு? அந்த நாய் ஏன் ஓடுது?" என்று தமிழில் கேட்பார். பாட்டிக்குப் புரிய வைக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளை அந்த ஜெர்மன் கதையைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். அதுவரை தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்ன பிள்ளை! அப்போதுதான் அக்கா சொன்னாள்: "ஜெர்மனுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினேன். தமிழ் தானா வரும்னு இருந்தேன்."

தமிழ் தானாக வருமா? சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ரயில் நிலையப் பலகையில் தமிழ் இருக்கிறது. ரயில் அறிவிப்பிலும் தமிழ் ஒலிக்கிறது. தேக்கா சந்தையிலும் சிராங்கூன் சாலையிலும் காது நிறையத் தமிழ் கேட்கலாம். நூலகத்துச் சிறுவர் பகுதியில் தமிழ்க் கதைப் புத்தகங்களை இலவசமாக இரவல் எடுக்கலாம். ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 5 வயதும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 27.4 விழுக்காடு. 2010-இல் இது 36.7 விழுக்காடாக இருந்தது. ஆங்கிலம் பேசுவோர் 59.2 விழுக்காடு. இந்தியர்கள் எல்லாரும் தமிழர் அல்லர் என்பதைக் கணக்கில் வைத்தாலும், பத்தே ஆண்டில் வந்த இறக்கம் சிறியதல்ல.

அங்கே கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. இன்று அப்பெயரில் பீட்டி சாலையில் தமிழ்மொழி நிலையம் நடக்கிறது. தமிழ் பள்ளிப் பாடமாக இருக்கிறது, ஆசிரியர்கள் பாடுபடுகிறார்கள். 2005-ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று சொன்னது. வீட்டில் கேட்காத பேச்சை வகுப்பிலாவது பிள்ளைகள் கேட்க அது உதவும். வீடு பேசாவிட்டால் தமிழும் நம் பிள்ளைகளுக்கு ஒரு ஜெர்மன்தான். பதிவில் கேட்டு, மணி அடித்தால் பக்கம் திருப்பி, பரிட்சையோடு முடிந்துபோகும்.

ஜெர்மனியிலிருந்து 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி வந்து இறங்கினார் சீகன்பால்கு. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. உள்ளூர் வாத்தியார் ஒருவரை அமர்த்திக்கொண்டு, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். சில ஆண்டுகளில் தமிழில் நூல் அச்சிடும் அளவுக்கு வளர்ந்தார். அவரிடம் பதிவு இல்லை. பேசப் பிள்ளைகள் இருந்தார்கள். நம்மிடம் இரண்டுமே இருக்கின்றன.

ஆகவே பெற்றோர்களே, மூன்று காரியம் சொல்கிறேன். செலவில்லாதவை.

முதலாவது, தினமும் ஒரு தமிழ்க் கதை. புதியதாக இருக்க வேண்டியதில்லை. அதே கதையைப் பத்து நாள் சொல்லுங்கள்.

இரண்டாவது, பதிவைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள். நிறுத்துங்கள். "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். பாட்டி தாத்தா வீட்டில் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கேள்வி கேட்கத் தெரியும்.

மூன்றாவது, பதிவை நீங்களே செய்யுங்கள். ஃபிராங்பர்ட் நகரில் ஹைன்ரிஹ் ஹாஃப்மன் என்ற மருத்துவர், 1844-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்கு ஏற்ற படப் புத்தகம் கிடைக்காமல், வெற்று நோட்டுப் புத்தகம் வாங்கித் தானே படம் வரைந்து கதை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டே அது அச்சாகி உலகப் புகழ் பெற்றது. நமக்குப் புகழ் வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அப்பாமார்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். பிள்ளை விழிக்கும் முன் போகிறீர்கள். தூங்கிய பின் வருகிறீர்கள். உங்கள் கைப்பேசியில் ஒரு கதையை உங்கள் குரலில் வாசித்துப் பதிவு செய்து வீட்டில் விட்டுப் போங்கள். பக்கம் திருப்ப மணி வேண்டாம். "திருப்பும்மா" என்று நீங்களே சொல்லுங்கள். ஓய்வு நாளில் அதே புத்தகத்தோடு பக்கத்தில் உட்காருங்கள். வாரம் முழுவதும் கேட்ட குரல் அன்று கேள்வி கேட்கட்டும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று பரிசாகக் கிடைத்த கதைப் புத்தகத்தை அலமாரியில் அழகுக்கு வைத்துவிடாதீர்கள். இன்று இரவே வீட்டில் உள்ள தம்பி தங்கையை உட்கார வைத்து, உரக்க வாசித்துக் காட்டுங்கள். நடுவில் அவர்கள் கேள்வி கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அதுவே இந்த ஆண்டு நீங்கள் பெறும் இரண்டாவது பரிசு.