லயத்துப் பாட்டும் எங்கள் மேடையும்
(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எந்தப் பாட்டு யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டால் நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு, பைலா கொண்டாட்டக்காரர்களுக்கு, சினிமாப் பாட்டு எல்லோருக்கும், தப்பு தோட்டத்துக்கு. மலையகத்தில் நடந்ததைப் பார்த்தால் இந்தப் பங்கீடு அவ்வளவு சரியாக வரவில்லை. ஒரு பாட்டுக்கு எந்த இடம் கொடுக்கப்பட்டது என்பதே அதை யார் கேட்டார்கள் என்பதையும் தீர்மானித்திருக்கிறது.

தப்பை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் எழுப்பத் தப்படித்தார்கள். திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு, அடிதான் மாறும். மாசியில் காமன் கூத்து தொடங்கினால் தோட்டமே கூடிவிடும். அங்கே ரதி வேடமும் ஆண்தான் கட்டுவார், பெண்கள் பார்த்திருப்பார்கள். பெண்களுக்கென்று இருந்தவை கும்மி, கோலாட்டம், தாலாட்டு, ஒப்பாரி. இவற்றில் கடைசி இரண்டுக்கும் தொட்டிலடியும் சாவு வீடும்தான் மேடை.

அந்தக் காலத்திலேயே ஒரு பெண் கூட்டத்தில் எழுந்து நின்று பாடினார். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளரின் துயரத்தையும் உரிமையையும் தாமே பாட்டாக எழுதிப் பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் வந்தன. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்களுக்குப் பத்திரிகை செய்யமுடியாததைப் பாட்டு செய்தது.

பிறகு வானொலி வந்தது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் தம் நாட்டு வானொலியில் சினிமாப் பாட்டைக் கட்டுப்படுத்தியபோது, நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டிலும் வீட்டுக் குரலாயிற்று. எங்கள் லயங்களில் ஒரு காம்பராவில் ரேடியோ இருந்தால் வரிசை முழுவதற்கும் பாட்டு. விரும்பிய பாட்டைக் கேட்டுத் தபாலட்டை போட்டால், பெயரையும் தோட்டத்தையும் சேர்த்து வாசிப்பார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் எங்கள் மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்தார்கள். வாக்காளர் இடாப்பில் இல்லாத பெயர் வானொலியில் ஒலித்தது என்றால் அந்தக் குடும்பத்துக்கு அது வெறும் பொழுதுபோக்கா?

1970களில் பொப் இசை வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இரண்டையும் அறியாத பிள்ளை இல்லை. சுராங்கனியில் சிங்களமும் தமிழும் பைலாத் தாளத்தில் கலந்திருந்தன. சுற்றுலா பஸ்ஸில் யாராவது தொடங்கினால் எந்த வீட்டுப் பிள்ளையும் கை தட்டும்.

பாடசாலையில் நாங்கள் கேட்டவை காலையில் தேவாரமும் கீதமும், கலைவிழாவில் கர்நாடக இசையும் பரதமும். அவை எங்களுக்குக் கிடைத்த செல்வங்கள், குறை சொல்லமாட்டோம். ஆனால் தப்பும் கும்மியும் படலையோடு நின்றுவிட்டன. தப்படிப்பது ஒரு சாதியாரின் வேலை என்று ஒதுக்கியிருந்தது ஒரு காரணம். தோட்டத்துப் பிள்ளை என்று அடையாளம் தெரிந்துவிடும் என்ற கூச்சம் இன்னொன்று. இன்று திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே தப்பை ஏந்தி ஆடுகிறார்கள். இங்கேயும் தங்கைகள் அந்த அடியைச் சினிமாப் பாட்டில் கேட்டு எழுந்து ஆடுகிறார்கள். தாளம் அதேதான், வந்த வாசல்தான் வேறு.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டி நூலாக்கித் தந்தார். அதில் சொல் இருக்கிறது. இழுவையும் மூச்சும் பாடியவர்களின் தொண்டையில் இருக்கின்றன. அந்த அம்மாயிகளும் பாட்டிமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நூற்றாண்டு ஆண்டில் சங்கம் இரண்டு காரியங்களைச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு உறுப்பினரும் தம் வீட்டில் அல்லது தோட்டத்தில் ஒரு மூத்த பெண்ணின் பாட்டைக் கைபேசியில் பதிந்து, பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதி, அவர் சம்மதத்தோடு பாடசாலை நூலகத்தில் சேர்க்கவேண்டும். அடுத்த கலைவிழாவில் பரதத்துக்கும் பாண்ட் வாத்தியத்துக்கும் கொடுக்கும் அதே மேடையையும் அதே நேரத்தையும் தப்புக்கும் கும்மிக்கும் கொடுக்கவேண்டும். முன்வரிசை நாற்காலிகளில் கொழுந்து பறித்து எங்களைப் படிக்கவைத்த தாய்மாரை அமர்த்துவோம்.