தறிக்கு ஏற்ற கண்ணாடி
காஞ்சிபுரத்துச் செவிலிமேடு போன்ற நெசவுப் பகுதிகளில், 40 வயதைக் கடந்தவர் அறுந்த பாவு இழையைக் கண்டு பிணைக்கத் தடுமாறினால், விழியினுள் இருக்கும் வில்லை நெகிழ்ச்சி குறைந்து அருகிலுள்ள பொருளில் பார்வையைக் குவிக்க இயலாமற்போகும் வெள்ளெழுத்தே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும். வயதின் இயல்பே இது எனினும், கைத்திறன் சற்றும் குன்றாத ஒருவர் இதனால் தறியைவிட்டு எழ நேர்வது பெருங்கொடுமை. தக்க கண்ணாடி இக்குறையை ஈடுசெய்யும்: அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே நடத்தப்பெற்று 2018-இல் வெளிவந்த ஆய்வில், அருகுப் பார்வைக்கான கண்ணாடி பெற்றோரின் கொழுந்து பறிப்பு, பெறாதோரைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு உயர்ந்தது. ஆயினும், செய்தித்தாள் படிக்கும் தொலைவுக்கு, அதாவது ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்குக் கணித்துத் தரப்படும் கண்ணாடி தறிக்குப் பொருந்தாமற்போகலாம் என்பதால், குழித்தறியில் அமர்ந்தபடியே கண்ணுக்கும் இழைக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு நூலால் அளந்து சென்று கண் பரிசோதகரிடம் காட்டுதல் நலம்.