எழுவாய் யார்?



தேவதைக் கதைகளை வைத்து வீடியோ கேம் செய்வது பற்றிப் பேச்சு வந்தால், இளவரசியின் நிறம் என்ன, உடை என்ன என்றுதான் முதலில் கேட்கிறோம். தேவையான கேள்விதான். ஆனால் ஒரு கேமின் அரசியல் அதோடு முடிவதில்லை. கேமில் ஒரு கதாபாத்திரம் நடக்கலாம், எடுக்கலாம், வெட்டலாம், ஓடலாம். இந்த வினைகளை யார் கையில் கொடுக்கிறோம்? பள்ளியில் படித்த இலக்கணத்தில் கேட்டால், எழுவாய் யார், செயப்படுபொருள் யார்?

சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதை எல்லோருக்கும் தெரியும். 1697இல் பிரான்சில் சார்லஸ் பெரோ வெளியிட்ட வடிவத்தில் ஓநாய் அவளைத் தின்றுவிடுகிறது. இளம்பெண்களுக்கு ஓர் அறிவுரையோடு கதை முடிகிறது. 1812இல் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் ஒரு வேட்டைக்காரனைக் கொண்டுவருகிறார்கள். ஓநாயின் வயிற்றைக் கிழித்து மீட்பவன் அவன். கல் எடுத்துவரும் வேலை அவளுக்கு. ஆனால் பிரெஞ்சுக் கிராமத்து மக்களிடம் வாய்மொழியாக வழங்கி, பின்னாளில் பதிவான ஒரு வடிவம் இருக்கிறது. அதில் சிறுமி, வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். ஓநாய் அவள் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் அந்தக் கயிற்றை அவிழ்த்து ஒரு பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடிப்போகிறாள். வேட்டைக்காரன் யாரும் வரவில்லை.

2009இல் பெல்ஜியத்தின் 'டேல் ஆஃப் டேல்ஸ்' குழு, இந்தக் கதையிலிருந்து 'தி பாத்' என்ற கேமை உருவாக்கியது. ஆறு சகோதரிகள். பாட்டி வீட்டுக்குப் போ, பாதையை விட்டு விலகாதே என்பது கட்டளை. கீழ்ப்படிந்து நேராகப் போனால் கேம் அதைத் தோல்வி என்கிறது. இது உடையை மாற்றும் வேலை அல்ல, விதியையே மாற்றும் வேலை. ஆனாலும் காட்டில் ஒவ்வொருத்திக்கும் ஓர் ஓநாய் காத்திருக்கிறது. பாதையை மீற முடிகிற அவளால் ஓநாயை எதிர்க்க முடியாது. மீறினால் அடி விழும் என்பதை நாம் கேம் ஆடித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடந்ததற்காக அடி வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். அடி விழுந்த பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் கதைதானே?

2013இல் வெளிவரத் தொடங்கிய 'தி உல்ஃப் அமங் அஸ்' இன்னும் நெருக்கமானது. தேவதைக் கதை மாந்தர்கள் நியூயார்க்கில் ஒளிந்து வாழ்கிறார்கள். விலங்கு உருவில் இருப்பவர்கள், மனித உருத் தரும் மாயத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முடியாதவர்களை நகரத்துக்கு வெளியே பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். சேரி எப்படி உருவாகிறது என்று இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. ஆனால் நாம் ஆடுவது சட்டத்தைக் காக்கும் ஷெரீஃபாக. காசில்லாத தேரையாக ஆட வழியில்லை. அதன் துயரத்தைப் பார்க்கலாம், இரக்கப்படலாம், அவ்வளவுதான்.

நம்மைப் பற்றிய பல படங்களும் நாவல்களும் இப்படித்தான் இருக்கின்றன. நாம் இருப்போம்; வினை வேறொருவரிடம் இருக்கும்.

கேம் வடிவமைக்கப்போகும் தோழர்கள், படம் வரைவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: யார் என்னென்ன செய்யலாம்? அந்தக் கயிற்றிலிருந்தே தொடங்கலாம். பொய் சொல்ல ஒரு பொத்தான். முடிச்சை அவிழ்க்க ஒன்று. கயிறு தளர்ந்தால் ஓநாய்க்குத் தெரிந்துவிடும். அதற்குள் மரத்தில் கட்ட வேண்டும். பிறகு ஓட்டம்.

அந்தக் கேமை நான் ஆட விரும்புகிறேன்.