மனநல மருத்துவமும் மூன்று இயக்ககங்களும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு, ஊத்துக்குளி)

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். அங்கே இருந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். செய்வதறியாத குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள். சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வைத்தியம் கிடைத்திருந்தால் எத்தனை பேர் அந்தக் கொட்டகைக்குப் போயிருப்பார்கள்?

ஊர்ப் பக்கத்திலேயே வைத்தியம் என்பது அதற்கு முன்பே தொடங்கிய யோசனைதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கே மனநலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு 1996இல் நாடு முழுவதற்கும் நான்கே மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. நான்கில் ஒன்று திருச்சி. பின்னர் படிப்படியாகத் தமிழகத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது. ஊத்துக்குளியை உள்ளடக்கி 2009இல் பிறந்த திருப்பூர் மாவட்டமும் இன்று அதற்குள் அடக்கம்.

காகிதத்தில் பார்த்தால் ஏற்பாடு எளிது. ஒரு மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு குறித்த நாளில் தாலுகா மருத்துவமனைக்கு வரும். பணம் தேசிய நலவாழ்வுக் குழுமம் வழியாக, மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்குத் தலைவர் ஆட்சியர்.

சிக்கல் கட்டடங்களில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ். தாலுகா மருத்துவமனை மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ். அங்கே இணை இயக்குநர் சொன்னால்தான் நடக்கும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையோ டீன் பொறுப்பில், மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். முதன்முறை மனம் கலங்கிய ஒரு பையனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தாலுகா மருத்துவமனைக்கு அனுப்பி, மருத்துவக் கல்லூரியில் சேர்த்து, அவன் தேறி வீடு வந்து சேர்வதற்குள் மூன்று நிர்வாகங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. அவன் சீட்டைக் கையில் தூக்கிக்கொண்டு அலைவது அவன் அம்மாதான். அடுத்த மாதம் அவன் மாத்திரை வாங்க வராவிட்டால் தேடிப்போக வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் பதிலாக வர வேண்டும்.

மாத்திரையின் பாதையும் கவனிக்கத்தக்கது. 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு. அதில் உள்ள தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். பல மாநிலங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட நல்ல முறை இது. ஆனால் கேட்டால்தான் வரும். ரிஸ்பெரிடோன், ஓலான்சபின் போன்ற மனநோய் மாத்திரைகளை எழுதிக் கொடுக்க மருத்துவர் தயங்கும் இடத்தில் மருந்தாளுநர் அதைக் கேட்டு எழுத மாட்டார். மருந்து இல்லாத இடத்தில் மருத்துவரும் எழுத மாட்டார். அந்தத் தயக்கத்தைப் பயிற்சியால் மட்டுமே போக்க முடியும். பயிற்சி கொடுக்க வேண்டிய குழுவினரோ பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். நல்ல சமூகப் பணியாளர் ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால், வீட்டுக் கதை முழுவதையும் குடும்பம் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஊத்துக்குளியில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. வெண்ணெய்க்குப் பேர்போன இந்த ஊரிலிருந்து தினமும் காலையில் பஸ்ஸிலும் ரயிலிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் ஏராளம். ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பெண் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பாள். புறநோயாளிப் பிரிவு பகலில் முடிந்துவிடும். பீஸ் ரேட்டில் ஓடுகிறவளுக்கு ஒருநாள் லீவு என்றால் சனிக்கிழமைச் சம்பளத்தில் குறைகிறது. தூக்கம் வருகிறது, மனசு லேசாகிவிட்டது என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதற்கு அந்தக் கணக்கே போதும். நோய் திரும்புவதும் பெரும்பாலும் அப்படி நிறுத்தும்போதுதான்.

வைத்தியம் கிடைக்கும் நேரத்தை இத்தாலியின் திரியெஸ்தே நகரம் வேறுவிதமாக யோசித்தது. மருத்துவர் பிராங்கோ பசாலியாவின் முயற்சியால் 1978இல் அந்நாட்டில் மனநல விடுதிகளை மூடும் சட்டம் வந்தது. நகரின் பகுதிகளில் இரவும் பகலும் திறந்திருக்கும் மனநல மையங்கள் ஏற்பட்டன. திருப்பூருக்கு அவ்வளவு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஓபி இருந்தாலே நிலைமை மாறும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே பனியன் கம்பெனி லைனில் நிற்கிறவர்களுக்காக, இந்தி தெரிந்த ஒருவரும் அன்று அங்கே இருக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பல மொழிகளில் பேசலாம் என்பது உண்மை. ஆனால் போனில் பேசியவர் மறுநாள் போய் நிற்க ஒரு இடம் வேண்டுமே.

சட்டம் மக்கள் பக்கம்தான் நிற்கிறது. 2018 மே 29 முதல் நடப்பில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், வைத்தியத்துக்காக யாரும் நெடுந்தூரம் போக நேரக் கூடாது என்கிறது. சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி உதவச் சொல்கிறது. இருந்தும் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து உண்மையை மறைக்கும் குடும்பங்கள் இன்னமும் உண்டு.

அந்தச் சட்டத்தின்கீழ் நோயாளிகளின் முறையீடுகளைக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியத்தில் ஆறு பேர். மாவட்ட நீதிபதி நிலையில் ஒரு தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி, இரண்டு மருத்துவர்கள். மீதி இரண்டு இடங்கள் நோயை அனுபவித்தவர்களுக்கும், அவர்களைப் பராமரிப்பவர்களுக்கும், அவர்களுக்காக உழைக்கும் அமைப்புகளுக்கும் உரியவை. இந்த இரண்டு இடங்கள்தான் முக்கியம். ஞாயிறு ஓபி ஏன் வேண்டும் என்பதை ஒரு தாய் சொல்லுகிற அளவுக்கு வேறு யாரும் சொல்ல முடியாது.

வாரியத்துக்கு முன்பே திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. கிராம சபை ஆகஸ்ட் 15இலும் அக்டோபர் 2இலும் கூடுகிறது. ரோடு, தண்ணீர், தெருவிளக்கு பற்றிய தீர்மானங்களோடு, தாலுகா மருத்துவமனையில் மனநலக் குழு வரும் நாளை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும், மாதம் ஒரு ஞாயிறாவது வர வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் போடலாம்.