ஓடும்போது வண்டி, நின்றால் வீடு

(சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி நடந்த கேரவன், சுற்றுலா வேன் உரிமையாளர்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



கேரவன் என்றால் நம்ம ஊரில் முன்பெல்லாம் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். இப்போது அப்படி இல்லை. ஒரு டெம்போ டிராவலரையோ மினி பஸ்ஸையோ வாங்கி, உள்ளே படுக்கை, சமையல் மேடை, ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, குடும்பத்தோடு கோயில், மலை, கடற்கரை என்று கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். ரூம் தேட வேண்டாம், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். வயதான அம்மா அப்பாவுக்கு நினைத்த இடத்தில் நிறுத்தி ஓய்வு கொடுக்கலாம். நல்ல விஷயம்தான்.

நான் 30 வருஷத்துக்கு மேல் மற்றவர்களின் வண்டிகளைச் சோதித்தவன். பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்கு என்று எல்லாம் பார்த்து எஃப்.சி. கொடுத்திருக்கிறேன், கொடுக்க முடியாது என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஓய்வு பெற்ற பிறகு செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மகளும் மருமகனும் ஒரு வேனை கேரவனாக மாற்றியிருந்தார்கள். எல்லோரும் ஏற்காடு போனோம். ராத்திரி நல்ல மழை, குளிர். வெளியே கரி அடுப்பில் கறி வாட்டிக்கொண்டிருந்தோம். மழை வந்ததும், 'கரி இன்னும் கனன்றுகிட்டுதானே இருக்கு, உள்ளே வெச்சா கதகதப்பா இருக்கும்' என்று அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தது நான்தான். ஜன்னலையும் சாத்திவிட்டோம். கொஞ்ச நேரத்தில் பேத்தி, 'தாத்தா, தலை வலிக்குது' என்றாள். என் மனைவிக்குக் குமட்டல். 'கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தது ஒத்துக்கல, படுத்தா சரியாயிடும்' என்று சொல்லி, எல்லோரையும் படுக்கவும் வைத்துவிட்டேன்.

வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி எழுந்து கதவைத் திறந்தார். குளிர்காற்று உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தலை தெளிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது மலைப்பாதை மயக்கம் இல்லை, கரிப்புகை. அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

வண்டி ஓடும்போது என்னென்ன ஆபத்து என்று எனக்கு மனப்பாடம். நின்ற பிறகு அது ஒரு வீடு, காற்று புகாத சின்ன வீடு என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். மோதல் இல்லை, தீ இல்லை. ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வந்துதான் அவர்கள் இறந்தார்கள் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம். தூக்கம்தானே என்று கண்ணை மூடினால் எழுந்திருக்க விடாது.

அதனால் மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஒன்று, ஜெனரேட்டரோ என்ஜினோ ஓடும்போது உள்ளே யாரும் தூங்க வேண்டாம். இரண்டு, கரி அடுப்பு, விறகு, சாம்பிராணித் தணல் எதுவும் உள்ளே வேண்டாம். மூன்று, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி, படுக்கிற உயரத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். மாதம் ஒரு தடவை அதன் பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை மேலே ஏற்றி, அடித்தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வயர், தண்ணீர்க்குழாய் விடுவதற்காகப் போட்ட ஓட்டைகள் அடைபடாமல் இருக்கும். புகை வருகிற வழி அதுதான். சைலன்சர் இணைப்பில் கசிவு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள்.

கேஸ் கீழே தங்கும்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தது நினைவிருக்கும். விதியை மீறி உள்ளே கொண்டு வந்திருந்த சமையல் கேஸ் சிலிண்டர்தான் காரணம். அதுவும் ஓடிக்கொண்டிருந்த பெட்டி இல்லை, நின்றுகொண்டிருந்த பெட்டி.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். ஜன்னல் திறந்திருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம். கட்டிலுக்கு அடியில் கேஸ் நிறைந்திருக்கும். அதனால் சிலிண்டர் வைக்கிற பெட்டி உட்பக்கம் முழுக்க அடைபட்டு, அடிப்பகுதியில் வெளியே போகிற காற்றுத் துளையோடு இருக்க வேண்டும். கேஸ் அலாரத்தைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வண்டி ஓடும்போது வால்வு மூடியே இருக்க வேண்டும்.

வீட்டு இணைப்பில் வாங்குகிற 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். அதை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். முடிந்தவரை வண்டிக்கு வெளியே, தள்ளி வைத்துச் சமையுங்கள்.

சிலிண்டரின் கைப்பிடி வளையத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் வருஷத்தின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி, டி என்று அப்படியே தொடரும். அந்தக் கெடு தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். ரப்பர் குழாயை 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, தள்ளி நின்று போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

வெளியேற வழி இருக்கிறதா?

வேனில் அவசர வழி இருக்கும். கேரவனாக மாற்றும்போது அதன்மேல் அலமாரியை அடித்துவிடுகிறார்கள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை பாருங்கள். கதவுப் பக்கம் தீ என்றால் உங்கள் அம்மா எந்த வழியாக இறங்குவார்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் அலமாரியைக் கழற்றுங்கள்.

தீயணைப்பான் இரண்டு வேண்டும். ஒன்று டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில், இன்னொன்று வாசலுக்குப் பக்கத்தில். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தீ பிடித்த பிறகு எடுக்க முடியாது. முள் பச்சையில் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

வண்டி பல மாதம் சும்மா நின்றால் எலி வயரைக் கடிக்கும். டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயர் சூடாகும். லாட்ஜிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ கரண்ட் எடுப்பவர்கள், எர்த் இருக்கிற பிளக்கில்தான் எடுக்க வேண்டும். கசிவு வந்தால் தானே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் வண்டியில் இருக்க வேண்டும்.

ஓடும்போது

இப்போது என் பழைய வேலைக்கு வருகிறேன்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 3221 என்றால் 2021-ம் வருஷம் 32-வது வாரம் செய்தது. கேரவன் குறைவாக ஓடும், அதிகமாக நிற்கும். அதனால் டயர் தேயாது, ஆனால் வயசாகும். 'பட்டன் அப்படியே இருக்கு சார்' என்பார்கள். பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னியையும், பின்னால் இரட்டைச் சக்கரம் இருந்தால் உள்பக்க டயரையும் குனிந்து பாருங்கள். காற்றை டயர் சூடாவதற்கு முன் பாருங்கள்.

அடுத்தது எடை. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. அதோடு பேட்டரி, ஏ.சி., கட்டில், பாத்திரம், ஆட்கள். எல்லாம் ஏற்றி ஒரு தடவை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். ஆர்.சி.யில் போட்டிருக்கிற மொத்த எடையைத் தாண்டினால் பிரேக்கும் டயரும் தாங்காது. கனமானதைக் கீழே வையுங்கள். மேலே ஏற்றினால் வளைவில் வண்டி சாயும்.

மலை இறங்கும்போது, ஏறிய கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அது இன்றைக்கும் சரிதான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். நியூட்ரலில் இறக்கவே கூடாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வேண்டும், போனிலேயே எடுத்துவிடலாம்.

வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுத்திருக்க வேண்டாம், குழந்தைகள் எழுந்து நடக்க வேண்டாம். எல்லோரும் சீட்டில், பெல்ட்டோடு. தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். அதற்குத்தானே கட்டில் வாங்கினோம்?

போனில் ஐந்து நிமிஷ வேலை

பதிவுசெய்த வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். கேரவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரமும் இருக்கிறது. மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். வேலை கொடுக்கும் முன்பே, 'அனுமதி யார் வாங்குவது?' என்று பாடி கட்டுகிறவரிடம் கேளுங்கள்.

எம்பரிவாகன் செயலியில் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எந்தத் தேதி வரை என்று தெரியும். டிஜிலாக்கரில் ஆர்.சி.யையும் லைசென்ஸையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேஸ் குழாய் எப்போது மாற்ற வேண்டும், டயருக்கு என்ன வயசு, தீயணைப்பானை எப்போது நிரப்பினோம் என்பதை எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்லாது. அதை நீங்கள்தான் போனில் ஏற்ற வேண்டும். டயர் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். குழாய்க்கும் தீயணைப்பானுக்கும் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, கேஸ் கசிவுக்கு 1906. இந்த நான்கையும் போனில் சேமிப்பதோடு, காகிதத்தில் எழுதி வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போன் சார்ஜ் தீர்ந்த நேரத்தில் பக்கத்து வண்டிக்காரர் போனில் அழைக்கவாவது எண் தெரிய வேண்டும்.

என் மகள் வண்டியில் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அலாரம் இருக்கிறது. ராத்திரி நிறுத்தியதும் அதன் பட்டனை அழுத்துவது பேத்தியின் வேலை. சத்தம் வந்த பிறகுதான் நான் படுப்பேன். நீங்களும் அடுத்த பயணத்துக்கு முன் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

பத்திரமாகப் போய் வாருங்கள்.