உறைபனியும் காரின் கண்ணாடியும்



பெங்களூரில் இருந்துகொண்டு பனிக்கட்டியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். இந்நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். ஆயினும், புலிகேசி நகர் என்று ஏட்டில் பெயர் மாறியும் மக்கள் நாவில் பிரேசர் டவுனாகவே வாழும் எங்கள் பகுதியினர், மார்கழி விடுமுறையில் உதகைக்குக் காரில் செல்வதுண்டு. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில், விடியற்காலையில் தலைகுந்தாவின் புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருக்கும். காரின் கண்ணாடியும் அவ்வாறே.

தமிழில் பனி என்ற ஒரு சொல்லே பலவற்றையும் குறிக்கிறது. காரோட்டி அவற்றைப் பிரித்தறிய வேண்டும். மூடுபனி காற்றில் நிற்பது. உறைபனி கண்ணாடியைப் பற்றிக்கொள்வது. மேகமற்ற இரவில் கண்ணாடி தன் வெப்பத்தை வானை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. ஆகவே காற்றின் வெப்பநிலை 2 அல்லது 3 டிகிரியாக இருக்கும்போதே கண்ணாடியில் உறைபனி படியக்கூடும். கூரையின்கீழ் வண்டியை நிறுத்தினால், அல்லது இரவே கண்ணாடியின்மேல் ஒரு தடித்த விரிப்பைப் போர்த்தினால், காலையில் பாதி வேலை மிச்சம்.

பலர் செய்ய முனைவது கொதிநீரை ஊற்றுவது. அது கூடவே கூடாது. வெளிப்புறம் திடீரென விரிய, உட்புறம் குளிர்ந்தே இருக்க, கண்ணாடி விரிசல் காணும். முன்பே சிறு கல் பட்ட வடு இருந்தால் ஐயமே இல்லை. தோசைத் திருப்பியால் சுரண்டுவதும் ஆகாது. அதன் கீறல்கள் எதிர்வண்டியின் விளக்கொளியில் மின்னிக் கண்ணைக் கூசச் செய்யும். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரின் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, பிளாஸ்டிக் அட்டையொன்றால் மெல்லச் சுரண்டுவதே முறை. வைப்பர் ஒட்டிக்கொண்டிருந்தால் கையால் விடுவித்த பின்னரே அதை இயக்க வேண்டும். இன்றேல் ரப்பர் கிழியும், மோட்டாரும் கெடும். உட்புறம் ஆவி படிந்தால் வெளிக்காற்றை உள்ளே விட்டு ஏ.சி.யையும் இயக்குக, அது ஈரத்தை வாங்கிவிடும். இந்தக் கடைசி உபாயம் பெங்களூர் மழைநாளுக்கும் பொருந்தும்.

உள்ளங்கை அளவு துடைத்துவிட்டு அத்துளை வழியே பார்த்து ஓட்டுகிறவர்களை நினைத்தால் அச்சமாகவே இருக்கிறது. கூடலூர்ச் சாலையின் வளைவுகளில் ஆபத்து பக்கவாட்டிலிருந்தும் வரும். பக்கக் கண்ணாடி, பின்கண்ணாடி, விளக்குகள் யாவும் தெளிவாதல் வேண்டும்.

சிம்லா, மணாலிப் பக்கம் செல்லும் டில்லித் தமிழர்க்கு மேலும் இரண்டு சொல்ல வேண்டும். வெண்பனி பெய்யும் அவ்விடங்களில் கூரையிலுள்ள பனியையும் தள்ளிவிட வேண்டும். பிரேக் போட்டவுடன் அது முன்கண்ணாடிமேல் சரிந்து விழும். மற்றொன்று உயிர் பற்றியது. புகைக்குழாயைப் பனி அடைத்திருக்க எஞ்சினை ஓடவிட்டால், கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கம் வருவதுபோலவே மயக்கம் வரும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையில் பனியில் சிக்கிய கார்களில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலரைக் கொன்றது இந்நச்சுக் காற்றே என்று கருதப்படுகிறது. எஞ்சினைத் தொடுமுன் வண்டியின் பின்புறம் சென்று குழாயின் வாயைத் தோண்டித் திறந்துவிடுங்கள்.

உதகையிலிருந்து திரும்புவோர் அவசரப்படவும் தேவையில்லை. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். வண்டியைக் கிழக்கு நோக்கி நிறுத்தியிருந்தால், ஒரு காப்பி அருந்தி முடிப்பதற்குள் மிச்சப் பனியைக் கதிரவனே கரைத்துவிடுவான்.