நால்வகைப் புத்தியும் முதியோர் பயிற்சியும்



ஐம்பது அகவையைக் கடந்த பம்புசெட்டு மெக்கானிக் ஒருவரை மனக்கண்முன் நிறுத்துக. மோட்டார் ஓடும் ஓசையைக் கேட்டே பேரிங் தேய்ந்திருப்பதைக் கூறிவிடுவார். வாடையைக் கொண்டே காயில் கருகத் தொடங்கியதை உணர்ந்துவிடுவார். புதுவகை மோட்டார்களுக்கான மூன்று நாள் பயிற்சிக்கு அவர் செல்கிறார். அங்கே மூன்று நாளும் திரைப்படங்களும் அச்சிட்ட தாள்களுமே. இறுதித் தேர்வில் மதிப்பெண் குறைகிறது. 'கற்கும் திறன் போதாது' என்று அவரைப் பற்றிக் குறிப்பு எழுதப்படுகிறது. குறை கற்றவரிடத்ததா, கற்பித்த முறையிடத்ததா?

இவ்வினாவுக்கு விடைகாண ஜைன நூல்கள் துணை நிற்கின்றன. புத்தி நால்வகைப்படும் என்கிறது நந்தி சூத்திரம். முன்பு காணாத ஒன்று எதிர்ப்பட்ட அப்பொழுதே அதனைச் சரியாக உணர்வது ஔத்பத்திகி. ஆசிரியரிடம் பணிவுடன் பயின்று பெறுவது வைநயிகி. தொழிலில் இடையறாது பழகிப் பெறுவது கர்மஜா. வயது முதிர முதிரப் பட்டறிவால் கனிவது பாரிணாமிகி. கர்மஜா புத்திக்குச் சான்றாக அந்நூல் காட்டுவோருள் பொற்கொல்லர், உழவர், நெசவாளர், தச்சர், குயவர், ஓவியர் ஆகியோர் உளர். கையால் உழைப்போரைப் புத்தியுடையோர் வரிசையில் வைத்தெண்ணியது போற்றத்தக்கது. நந்தி சூத்திரம் சுவேதாம்பர மரபின் நூல். எனினும் இந்நான்கு பெயர்களும் திகம்பர நூலாகிய திலோயபண்ணத்தியிலும், முனிவர் பெறும் ருத்திகளைக் கூறுமிடத்தில் உள்ளன.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ஹோவர்டு கார்ட்னர் அறிவுத்திறனை ஏழாக வகுத்தார். மொழி, கணக்கும் தருக்கமும், இடவுணர்வு, இசை, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என்பன அவை. பின்னர் இயற்கையை அறியும் திறனையும் சேர்த்தார். இவ்வகைப்பாட்டிற்குப் போதிய சான்றில்லை என மறுக்கும் உளவியலாரும் உளர். ஆயினும், ஒரே தேர்வால் மனித அறிவனைத்தையும் அளந்துவிட இயலாது என்னும் அவர் கருத்தைப் பயிற்றுநர் புறந்தள்ளலாகாது.

சித்தன்னவாசல் அமைந்த புதுக்கோட்டை மாவட்டம் இதற்கொரு நற்சான்று. 1990-களின் தொடக்கத்தில் அங்கு நடந்த அறிவொளி இயக்கத்தில், பெண்கள் எழுத்துடன் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். பல்லாயிரவர் சைக்கிள் ஏறினர். கரும்பலகையின் முன் கூசியிருந்தவர்க்கு, உடலால் கற்ற அவ்வித்தை தன்னம்பிக்கையை ஊட்டியது.

ஆகவே, முதியோரைப் பயிற்றுவிப்பவர் முதல் நாளில் வினவ வேண்டியது, "உங்களுக்கு எது தெரியாது?" என்பதன்று, "நீங்கள் எதில் பழகியவர்?" என்பதே. அந்த மெக்கானிக்கிடம் புதிய மோட்டாரைக் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் செய்தபின் வரைபடத்தைக் காட்டினால், தாளிலுள்ள கோடுகள் அவர் கை அறிந்த உறுப்புகளாகத் தோன்றும். உடனிருந்து கற்பவர்க்கு மூத்த தொழிலாளி ஒருவரைத் துணையாக்கலாம். பட்டறிவு மிக்கவர்க்குப் பாடத்திற்கு முன் ஒரு சிக்கலைத் தந்து தீர்வு கேட்கலாம். எழுத்தறிவு வேண்டா என்பது இதன் பொருளன்று. எச்சரிக்கைப் பலகையை எவரும் படித்தே ஆகவேண்டும். வழி வேறாகலாம், சேருமிடம் ஒன்றே.

இது கற்பிக்கும் உத்தி மட்டுமன்று, அறமும் ஆகும். ஞானத்தின்பால் பொறாமை கொள்ளுதலும், அதனை மறைத்தலும், அதற்கு இடையூறு செய்தலும் ஞானாவரணீய கருமம் வந்து சேரும் வாயில்கள் எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. பலர்முன் நகைக்கப்பட்ட முதியவர் மறுநாள் வகுப்புக்கு வாரார். அவர் கல்விக்கு இடையூறானவர் நகைத்தவரே.

வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று இவ்வெச்சரிக்கை. இருபது பேருக்கு அளவு தவறாமல் உணவு சமைக்கும் பாட்டி, கைப்பேசியில் பணம் செலுத்தத் தடுமாறும்போது, "உனக்கு இதெல்லாம் வராது" என்று பேரன் பிடுங்கிக்கொள்ளும் காட்சி பல இல்லங்களில் உண்டு. பிடுங்கிய கை அக்கைப்பேசியைப் பாட்டியின் கையிலேயே வைத்து, அவர் விரலால் அவரே மும்முறை செய்து பார்க்கும்வரை பொறுத்திருக்கட்டும். நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய சாத்திர தானத்தின் பயன் ஞானம் வளர்தலே. அப்பொறுமையும் அத்தானத்தைச் சார்ந்ததே.

வளர்க ஜினதருமம்!